டிரைவர் லீவு போட்ட நாள்

பரிசோதனை வண்டியின் டிரைவருக்குப் பதினோரு வருடமாக ஒரே பல்லவிதான். தெருமுனையில் வண்டியை நிறுத்தியதும் மைக்கை எடுப்பார்.

"முப்பது வயசு தாண்டினவங்க எல்லாரும் வாங்கம்மா. கர்ப்பப்பை வாயில புற்றுநோய் வருமான்னு இலவசமா பார்க்கிறோம். கத்தி இல்ல, ஊசி இல்ல. வினிகர் தடவி ஒரே நிமிஷம். வெள்ளையாத் திட்டு தெரிஞ்சா ஆரம்பத்துலயே சரி பண்ணிடலாம்."

அந்தக் குரலுக்குத் தெருத் தெருவாகப் பெண்கள் வந்தார்கள். அவர் மனைவி மட்டும் வரவில்லை.

"உங்க சிஸ்டர் முன்னாடி போய்ப் படுக்கணுமா? அப்புறம் அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றாள். வண்டி நர்ஸ் அவள் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர். டிரைவர் சிரித்துக்கொண்டே அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார். நோய் தெரிந்தபோது கைமீறிப் போயிருந்தது. அவள் போய் இரண்டு வருடமாகிறது.

இப்போது மகளுக்கு முப்பத்து நான்கு வயது. அவள் குடியிருக்கும் தெருவுக்கு வண்டி இரண்டு முறை போனது. இரண்டு முறையும் அவள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பெற்ற மகளிடம் இதை எந்த வாயால் கேட்பது? நர்ஸிடம் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. அப்பா வாசல்ல உட்கார்ந்து மைக்குல கூப்பிட்டா எந்தப் பொண்ணு உள்ள வருவா?"

"என் பேச்சு சரியில்லையா சிஸ்டர்?"

"பேச்சுல ஒரு குறையும் இல்ல. ஆளுதான் இடிக்குது." நர்ஸே ஒரு வழியும் சொன்னார். "அடுத்த தடவை அந்தத் தெருவுக்கு நீங்க வராதீங்க. நானும் வரல. வேற சிஸ்டரை அனுப்பச் சொல்றேன்."

மறுமுறை அந்தத் தெருவின் முறை வந்தபோது டிரைவர் லீவு எழுதிக் கொடுத்தார். பகல் முழுவதும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தார். பத்து மணிக்கு வண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பியிருக்கும், பதினொன்றுக்கு வரிசை நின்றிருக்கும் என்று கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு மகள் போன் செய்தாள்.

"லீவாமேப்பா?"

"கால் வலி."

"உங்களுக்கா? நம்பிட்டேன். அந்தப் புது டிரைவர் மைக்கை முழுங்கிடுவார் போல. ஒரு வார்த்தை புரியல."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வண்டிக்குள்ள அந்தக் கட்டில் ஏறினாலே கிறீச்சுங்குது. எண்ணெய் விடச் சொல்லுங்க."

டிரைவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "விடறேன். வேற ஏதாவது..."

"ஒண்ணும் இல்லப்பா. திட்டு எதுவும் இல்லையாம். சில வருஷம் கழிச்சு மறுபடி வந்தாப் போதுமாம்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அம்மாவை நினைச்சுக்கிட்டே படுத்திருந்தேன். சரி, வச்சிடறேன்."

போன் அணைந்தது. தையல் மெஷின் எண்ணெய் எங்கே என்று கேட்க அவர் சமையலறைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டார். பிறகு அலமாரிக்குப் போய், மனைவி வைத்துவிட்டுப் போன டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.