பேர் வெட்டிய குடம்

தங்கமாரி பையின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவளுடைய மூன்று வருட டிரெயினி ஒப்பந்தம் வியாழக்கிழமையோடு முடிகிறது. வெள்ளிக்கிழமை கோவில்பட்டியில் இருப்பாள். ஜிப் பாதியில் நின்றதும் மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"ஏட்டி, அந்தக் கொடத்த எங்க வச்சிருக்க?"

முத்துச்செல்வி போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "கட்டிலுக்கு அடியில" என்றாள்.

"நாளைக்கு எடுத்துட்டு வா. நேத்து கேன்டீன்ல பிள்ளைப்பாக்கத்துக் கவிப்பிரியா என்னய பிடிச்சிக்கிட்டா. முடிக்காம ஊருக்குப் போவக் கூடாதுங்கா. எனக்கும் அதாம். ரெண்டு வருசமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

இழுத்துக்கொண்டு கிடந்தது ஒரு கால்பந்துத் தொடர். 2020 தொடக்கத்தில் நான்கு அணிகள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். தங்கமாரியும் முத்துச்செல்வியும் இருக்கும் தண்டலம் விடுதிப் பெண்கள், ஒரகடம் விடுதி, மறைமலை நகர் விடுதி, பிள்ளைப்பாக்கம் ஊர்ப் பெண்கள். எல்லாரும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஏதாவது ஒரு லைனில் நிற்பவர்கள். ஒரு அணிக்கு ஏழு பேர். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் இரண்டு தடவை ஆட வேண்டும். ஜெயித்தால் மூன்று புள்ளி, டிரா என்றால் ஒன்று. கப் வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. கப்பை வைத்து என்ன செய்வது, குடம் என்றால் தண்ணியாவது பிடிக்கலாம் என்று ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு பெரிய எவர்சில்வர் குடம் வாங்கினார்கள். ஓடத் தெரியாத, சத்தம் போட வராத முத்துச்செல்வியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார்கள். யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம், யார் யாருக்குப் பந்து கொடுத்தது என்று எல்லாவற்றையும் அவள் எழுதினாள். இரண்டு மூன்று வாரத்தில், சண்டை வந்தால் நோட்டைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. "முத்துச்செல்வி எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அவள் குனிந்துகொள்வாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு அவள் கையெழுத்தை யாரும் எதற்காகவும் கேட்டதில்லை.

குடத்தின் வாயைச் சுற்றிக் கட்டியிருந்த பழைய துப்பட்டாவை இப்போது அவிழ்த்தாள். குடத்தைத் திருப்பித் தங்கமாரிக்குக் காட்டினாள். வயிற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: மகளிர் கால்பந்து 2020. வெற்றி: தண்டலம்.

தங்கமாரி முதலில் சிரித்தாள். இரண்டாவது தடவை வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "இத எப்பம் வெட்டுன?"

அந்த மார்ச் மாதம் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஞாயிறு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். ஒரு வாரம் தள்ளி ஆடிக்கொள்ளலாம் என்று எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். தொடரின் பேரையும் வருஷத்தையும் மட்டும் வெட்டி வாங்கலாம் என்றுதான் முத்துச்செல்வி போனாள். அவர் அதை வெட்டி முடித்துவிட்டு, "யாரு ஜெயிச்சதுன்னு போடாம இன்னா பரிசும்மா இது?" என்று மெஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் இரண்டு பேர் கல்யாணச் சீர் அண்டாக்களோடு நின்றார்கள். தண்டலம் என்று அவள் வாய் சொல்லிவிட்டது. தெரியாமல் சொன்னதாக அவளே அவளிடம் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது உண்மையில்லை. அந்தப் பேரை வெட்டிப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை நாடே அடைத்துக்கொண்டது.

தங்கமாரி குடத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "யாருக்கும் தெரியாதுல்லா? பொறவென்ன? நாளைக்குப் பேச்சு முடியுத வரைக்கும் துணியோடயே இருக்கட்டும். நாமதாம்னு முடிவாவும். நமக்குப் பதினோரு புள்ளி, பிள்ளைப்பாக்கத்துக்காரியளுக்கு ஒம்பது. முடிவானப் பொறவு அவுத்துக் காட்டு. நேத்து வெட்டுனதா, அன்னைக்கு வெட்டுனதான்னு யாரு கேக்கப் போறா?" பிறகு அவள் தோளில் தட்டினாள். "நீ வாயத் தொறக்காம இரு. ஒனக்குத்தான் அது நல்லா வரும்லா."

முத்துச்செல்வி குடத்தை வாங்கித் துப்பட்டாவை மறுபடியும் சுற்றினாள்.

அவளுக்கு லைனின் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மேசையில் மூன்று நிற அட்டைகள் இருக்கும். நல்ல பீஸுக்குப் பச்சை. கழிப்பதற்குச் சிவப்பு. ஹோல்டுக்கு மஞ்சள். கரண்டு போய் லைன் நின்றுவிட்டால், பெல்ட்டில் பாதி வேலையில் நிற்கும் எல்லாவற்றுக்கும் மஞ்சள்தான் கட்ட வேண்டும். பாதியில் நின்றதை நல்லது என்றும் அனுப்பக் கூடாது, கெட்டது என்றும் தூக்கிப் போடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. மஞ்சள் அட்டையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் சூப்பர்வைசர் ரகுபதி அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். துவைக்க எடுத்து வந்த வேலைக் கோட்டின் பையில் அப்படி எழுதாத மஞ்சள் அட்டை ஒன்று தங்கியிருந்தது.

மறுநாள் பிள்ளைப்பாக்கம் போனார்கள். அவர்கள் ஆடிய இடத்தில் இப்போது பாதி இல்லை. ஒரு பெரிய குடோன் எழும்பி நின்றது. மீதிப் பாதியில் செங்கல்லும் ஜல்லியும் கொட்டிக் கிடந்தன. மூங்கில் கோல்போஸ்டுகளைச் சாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். குடோனுக்குக் காவல் கோதண்டம். கவிப்பிரியாவின் சித்தப்பா. இந்த இடத்தில் அவருக்கே ஒரு காலத்தில் நிலம் இருந்தது. கேட்டைத் திறந்துவிட்டு, "நாலு மணிக்கு லாரி வந்துடும். அதுக்குள்ள இன்னா பஞ்சாயத்தோ முடிச்சிக்கினு கெளம்புங்க" என்றார்.

தண்டலத்தில் ஆடுகிறவர்கள் நான்கு பேர்தான் மிச்சம். பிள்ளைப்பாக்கத்தில் ஐந்து பேர். மறைமலை நகர் விடுதி மூடியே விட்டது. ஒரகடத்திலிருந்து பாஞ்சாலி மட்டும், நியாயம் கேட்க ஒரு ஆள் வேண்டுமென்று வந்திருந்தாள். செங்கல் அடுக்கின் நிழலில் உட்கார்ந்தார்கள். துப்பட்டா சுற்றிய குடம் முத்துச்செல்வியின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"கணக்கு நோட்டுல கீது. நாங்க பதினொண்ணு, நீங்க ஒம்பது, அதானே சொல்லப் போற?" என்று கவிப்பிரியா தங்கமாரியைப் பார்த்து ஆரம்பித்தாள். "நீங்க அஞ்சு ஆட்டம் ஆடிக்கீறீங்க. நாங்க நாலுதான். எங்க லைன்ல ஒரு மணிக்கு எத்தினி பீஸுன்னுதான் பாப்பாங்க. ஒரு மணி நேரம் சேத்து ஓட்டிட்டு நான்தான் ஜாஸ்தி போட்டேன்னா கை தட்டுவாங்களா? வகுத்துப் பாரு. எங்களுக்கு ரெண்டே கால். உங்களுக்கு ரெண்டு புள்ளி ரெண்டு."

"புள்ளிக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து ஜெயிக்கப் பாக்கியாக்கும்" என்றாள் தங்கமாரி. "ஒரே ஒரு ஆட்டம் தோத்திய. அது யாருட்ட?"

"ஒன்னாண்டதான். யாரு இல்லைன்னா? அந்த அஞ்சாவது ஆட்டம் எங்களால நின்னுச்சா? மறைமலை நகர்க்காரிங்களுக்குக் கம்பெனில ஓவர்டைம் போட்டுட்டாங்க. நாங்க பூட்ஸ மாட்டிக்கினு மூணு மணி வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருந்தோம்."

பாஞ்சாலி கையை உயர்த்தினாள். "மொத்தமா கேன்சல் பண்ணிடுங்க. ஊரு ஒலகமே அந்த வருசம் இல்லன்னு வச்சிக்கிச்சி. நாமளும் இல்லன்னு வச்சிக்குவோம்."

"ஒங்களுக்கு இன்னா, நீங்க கடைசி" என்றாள் கவிப்பிரியா. எல்லாரும் சிரித்தார்கள், பாஞ்சாலியும்தான். ஆனால் கவிப்பிரியாவின் குரல் இறங்கிவிட்டது. "இல்லன்னு எப்படிக்கா வச்சிக்கிறது? எங்க காந்திமதி நாலு கோல் போட்டா. அதுக்கப்பால கல்யாணமாயி குவைத்து பூட்டா. போன வாரம் போன் பண்ணா. நீ பந்து ஆடுனியான்னு அவ வூட்டுக்காரரு நம்பவே இல்லையாம். போட்டோ ஒண்ணுகூட கெடையாது. அவ ஆடுனதுக்குச் சாட்சி இவ நோட்டு ஒண்ணுதான்."

எல்லாரும் முத்துச்செல்வியைப் பார்த்தார்கள். தங்கமாரியும் பார்த்தாள். அவளுடைய பார்வை துணியைத் தொடாதே என்றது. முத்துச்செல்வி குடத்தை முன்னால் நகர்த்தி, துப்பட்டாவை அவிழ்த்தாள். குடத்தின் கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கியது. பாஞ்சாலிதான் குனிந்து உரக்க வாசித்தாள்.

"பொருள், குடம். எண்ணிக்கை, ஒண்ணு. காரணம், ஆட்டம் முடியும் முன்பே பெயர் வெட்டப்பட்டது. வெட்டச் சொன்னவர், முத்துச்செல்வி."

தங்கமாரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கவிப்பிரியா முன்னால் வந்து, புள்ளி எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். கடைசி எழுத்து வரைக்கும் போய்த்தான் நிமிர்ந்தாள்.

"ரெண்டு வருசமா இத்த வச்சிக்கினு எப்படிடி தூங்குன? சரி, அப்ப நோட்டு? அதுலயும் இப்படித்தானா?"

இந்தக் கேள்விக்குத்தான் முத்துச்செல்வி பயந்திருந்தாள். "நோட்டுல இல்லக்கா" என்றாள். "கொடத்துல மட்டுந்தாம்."

கவிப்பிரியா நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். முதல் வாரமே தண்டலத்திடம் தோற்ற ஆட்டத்தின் பக்கத்தைத் தேடிப் பிடித்து வாசித்தாள். உதடு அசைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. அங்கே சிறிய எழுத்தில் இருந்தது: நாற்பத்திரண்டாவது நிமிடம். கோலுக்கு முன்னால் பந்து தங்கமாரி கையில் பட்டது. நான் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

"கையில பட்டுச்சா!" கவிப்பிரியா துள்ளி எழுந்தாள். "அன்னிக்கு நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன், இல்லவே இல்லன்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணா இவ!"

"எங்கம்மா மேல பண்ணல. சும்மா சத்தியம்னு சொன்னேன்" என்றாள் தங்கமாரி, மண்ணைப் பார்த்தபடி.

"யாரும் கேக்கலயாம்! கேக்காட்டி சொல்ல மாட்டியா? வாய இன்னா வாடகைக்கு வுட்டுட்டியா?" என்று முத்துச்செல்வியிடம் திரும்பியவள், முடிக்கும்போது சிரித்துவிட்டாள். நோட்டை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். "நோட்டு நல்ல நோட்டுதான். எழுந்திருங்கடி. ஆடிடலாம். ஜெயிச்சவங்களுது கொடம்."

"டிரா ஆனா?" என்றாள் பாஞ்சாலி.

கவிப்பிரியா மஞ்சள் அட்டையை விரலால் சுண்டினாள். "டிரா ஆனா இத்த அவுக்கக் கூடாது. அப்டியே கெடக்கட்டும்."

தண்டலத்துக்கு ஒரு ஆள் குறைந்ததால் பாஞ்சாலி அவர்கள் பக்கம் சேர்ந்தாள். ஒரு முனையில் இரண்டு பக்கமும் செங்கல்லை அடுக்கினார்கள். மறுமுனைக்குச் செங்கல் எடுத்தபோது, எண்ணி வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் தொடக் கூடாது என்று கோதண்டம் கத்தினார். ஒரு பக்கத்துக்குத்தான் தேறியது. இன்னொரு பக்கம் குடத்தை வைத்தார்கள். காலிக் குடம் காற்றுக்கு உருண்டது. டேங்கர் குழாயில் கழுத்து வரை தண்ணீர் பிடித்து வைத்ததும் அசையாமல் நின்றது. தங்கமாரி குச்சியால் கோல் கோடு கிழித்தாள். கோதண்டம் சட்டைப் பையிலிருந்து காவல் விசிலை எடுத்து ஊதினார். முத்துச்செல்வி குடத்துக்குப் பக்கத்தில் கோட்டுக்கு நேரே உட்கார்ந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டாள்.

இரண்டு வருடத்தில் எல்லாருக்கும் மூச்சு குறைந்திருந்தது. ஐந்து நிமிடம் ஓடினால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாஞ்சாலி ஒன்று அடித்தாள். அடித்துவிட்டு, எந்த அணிக்கு அடித்தோம் என்று சுற்றிப் பார்த்தாள். இடைவேளையில் கோல்போஸ்டும் குடமும் ஒன்றாகிவிட்டதால், இரண்டு அணியும் அதே குடத்தைச் சரித்துக் குடித்தார்கள். கழுத்து வரை இருந்த தண்ணீர் பாதிக்கு இறங்கியது. பிறகு பக்கம் மாறவில்லை, வெயிலுக்கு யாரும் நடக்கத் தயாராக இல்லை. பிள்ளைப்பாக்கம் ஒன்று அடித்துச் சமன் செய்தது. முத்துச்செல்வி இரண்டையும் எழுதினாள். கேட்டுக்கு வெளியே லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. "கடைசி பாலு!" என்று கோதண்டம் கத்தினார்.

கவிப்பிரியாவுக்குப் பந்து கிடைத்தது. தங்கமாரி குறுக்கே வந்தாள். இந்தத் தடவை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். பந்து அவள் முழங்காலை உரசிக்கொண்டு நேராகக் குடத்துக்கு வந்தது. ணங் என்று ஒரு சத்தம். குடம் சாய்ந்தது. தண்ணீர் வெள்ளையாக எழும்பிக் கொட்டியது. குடமும் பந்தும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உருண்டு, பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

"கோலு!" என்றது ஒரு பக்கம். "போஸ்ட்டுக்கு வெளிய!" என்றது இன்னொரு பக்கம். கோதண்டத்தின் வாயில் விசில் இருந்தது. அவர் ஊதவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு என்ன தெரியும்? ஒருவர் பின் ஒருவராகக் கத்துவதை நிறுத்தினார்கள்.

"நீதான் பக்கத்துல குந்திக்கினு இருந்த" என்றாள் கவிப்பிரியா, மூச்சிரைக்க. "கேக்குறேன். சொல்லு."

தங்கமாரியும் வந்து நின்றாள். அவள் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. "ஏட்டி, பாத்ததச் சொல்லு" என்றாள்.

முத்துச்செல்வி பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். இந்தத் தடவை கேட்டிருக்கிறார்கள், வாயால்தான் சொல்ல வேண்டும். எழுந்து, குடம் இருந்த இடத்துக்கு நடந்தாள். ஈர மண்ணில் குடத்தின் அடிவட்டம் இன்னும் கலையாமல் இருந்தது. அதன் விளிம்பை ஒட்டி, பந்து போன தடம். குடம் கொஞ்சம் தள்ளி ஒருக்களித்துக் கிடந்தது. பேரின் புள்ளிகளில் சேறு ஏறி எழுத்து முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. மஞ்சள் அட்டை நனைந்து மை பரவிக்கொண்டிருந்தது. குடத்தின் வாயிலிருந்து மிச்சத் தண்ணீர் மெல்ல வழிந்து, தங்கமாரி குச்சியால் கிழித்த கோட்டை நிரப்பிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.