இடக்கை பாதி

செத்துப்போன யோங்தேயின் படத்துக்கு நேர் கீழே, கறுப்புச் சட்டையின் கையில் துக்கப் பட்டை கட்டிய மருமகன் தோகூன் மண்டியிட்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கம் மகள் ஹேஜு, தலைமுடியில் வெள்ளை நாடாவோடு. அவளுக்குப் பின்னால் சுவரில் முதுகைச் சாய்த்து அவர் மனைவி இம்சுன். செருப்பு அலமாரியை ஒட்டிய தாழ்ந்த மேசையில் மூன்று கிழவர்கள், நடுவில் சோஜு சாராயப் புட்டி. மருமகனுக்கு வலப்பக்கத்தில் ஒரு திண்டு மட்டும் காலி. ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் செத்தவரின் தம்பி உட்கார வேண்டிய இடம் அது.

கிழவர்கள் மூவரும் யோங்தேயின் கூட்டாளிகள். ஊரே பள்ளிக்கூடத்தில் படித்த விசை அமைப்பில் தட்டச்சு செய்ய, இவர்கள் மட்டும் மூன்று கட்டு என்ற பழைய விசை அமைப்பை விடாமல் பிடித்திருந்தார்கள். செத்த வீட்டிலும் அதே பேச்சுதான்.

"பழைய அமைப்புதான்யா சரி."

"நாப்பது வருஷமா இதையே சொல்றே. சூப்பைக் குடி, ஆறுது."

அவர்களில் வழுக்கைத் தலைக்காரர் இம்சுன் பக்கம் திரும்பினார். "அண்ணி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வாதம் வந்து இடது கை போன பிறகும் அவன்கிட்டயிருந்து கடிதம் வந்துட்டே இருந்துச்சே. எப்படி அடிச்சான்?"

"வலது கைல அவர் அடிச்சார். இடது கைல நான்."

மூவரும் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த அமைப்பில் கொரிய எழுத்தின் ஒவ்வொரு அசைக்கும் முதல் மெய் வலக்கையில் இருக்கும்; நடுவில் வரும் உயிரும் அடியில் நிற்கும் மெய்யும் இடக்கையில். ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சொல்லையும் முடிக்க முடியாது.

"அப்போ எங்களுக்கு வந்ததெல்லாம்..."

"பாதி நான்தான்."

"அதானே பார்த்தேன். திட்டு குறைஞ்சிருந்துச்சு."

இம்சுனின் உதடு லேசாக இழுபட்டது. நிஜம்தான். யாரையாவது வைது எழுத ஆரம்பித்தால் அவள் இடக்கையை மடியில் வைத்துக்கொள்வாள். அவர் உறுமுவார், காத்திருப்பார், கடைசியில் அழித்துவிட்டு வேறு சொல் தேடுவார். ஒரே நாற்காலி அகலத்தில் இருவரும் தோள் இடிக்க உட்கார்ந்து, அவர் ஒரு தட்டு, இவள் ஒரு தட்டு. அறுபத்தெட்டு வயதில் அவள் கற்றுக்கொண்டது அந்தப் பலகையின் இடப்பாதி மட்டும். வலப்பாதி அவருடையது, அதை அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை.

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்த தோகூன் குனிந்து சொன்னான்: "அத்தை, சாங்ஜு ஊர்ச் சின்ன மாமா ஃபோனை எடுத்துட்டார்."

"என்ன சொன்னார்?"

அவன் மனைவியைப் பார்த்தான். "சொல்லித் தொலைங்க," என்றாள் ஹேஜு.

"'ஒரு பெட்டி பழம் அனுப்பினேன். வந்துச்சுன்னு ஒரு வரி வரல. செத்துட்டாருன்னு மட்டும் சேதி வருதா?'ன்னு கேட்டார். அண்ணன்கிட்டயிருந்து பதில் வராம அந்த வாசலை மிதிக்க மாட்டாராம்."

"செத்தவர் எப்படிப் பதில் போடுவார்? சித்தப்பாவுக்கு மூளை கீளை இருக்கா?" என்றாள் ஹேஜு.

இம்சுன் காலித் திண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புல் வெட்ட ஆளில்லை என்று தகப்பனின் கல்லறையைத் தம்பி கேட்காமலே தோண்டி எலும்புகளை எரித்துவிட்டார். அதிலிருந்து மூன்று வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்புறம் திடீரென்று ஒரு பெட்டி சீமைப் பனிச்சம்பழம். அன்று சாயங்காலமே யோங்தே கணினியை இயக்கச் சொன்னார். பகலெல்லாம் அவரைப் புரட்டிப்போட்டு, துடைத்து, படுக்கைத் துணி துவைத்ததில் அவளுக்கு மணிக்கட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. "நாளைக்கு," என்று சொல்லிப் படுத்துவிட்டாள். அவர் வலக்கையால் தனியாகத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. காலையில் அவர் கை சில்லென்றிருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "சூப்பை எடுத்துட்டுப் போ, எனக்கு வேண்டாம்," என்றாள் மகளிடம்.

மறுநாள் அவரையும் எரிக்கத்தான் வேண்டியிருந்தது. புல் வெட்ட இங்கும் ஆள் ஏது?

வீட்டுக்கு வந்ததும் ஹேஜு அடியில் சூடேற்றிய தரையில் விழுந்து படுத்தாள். இம்சுன் கோட்டைக் கூடக் கழற்றாமல் கணினியை இயக்கினாள். திரையில் அவர் விட்டுப்போன வரிகள் அப்படியே இருந்தன: முதல் மெய்கள் மட்டும், பல் விழுந்த வாய்போல. அவளுக்குப் படிக்கச் சிரமமில்லை. மூன்று வருடம் அவருடைய பாதியைக் கண்ட மாத்திரத்தில் தன் பாதியைக் கொடுத்த கை.

பழம் வந்தது. பாதி அழுகல்.

அவர் அதை எழுதியபோது அது பொய். ஒன்றே ஒன்றுதான் அடிபட்டிருந்தது.

"என்னம்மா பண்றே? நான் ஃபோன்ல அடிச்சு அனுப்பறேன், விடு. அந்தக் கீபோர்டுல நான் கை வெச்சா பேய் உளறுற மாதிரி வருது."

"உன் சித்தப்பா ஃபோன் சேதிக்கு மசிய மாட்டார்."

"அப்போ பேனா எடுத்து எழுதேன்."

"பேனால எழுதினா நான் எழுதினதாயிடும்."

ஹேஜு எழுந்து உட்கார்ந்தாள்.

விட்ட இடத்தில் உயிரைச் சொருக முடியாது. ஒவ்வொரு அசையையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். இம்சுன் நாற்காலியை நடுவுக்கு இழுத்தாள். இடக்கை தானாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வலக்கைக்குப் போக்கிடம் தெரியவில்லை; விசைகளின் மேல் அச்சிட்டிருந்தது ஊரார் அமைப்பு. ஒரு விரலை நீட்டி ஒவ்வொரு விசையாக அழுத்தி, திரையில் வந்ததை அவர் வரியோடு ஒப்பிட்டாள். இல்லை. அழி. அடுத்தது. இல்லை. அழி. கிடைத்ததும், இடக்கை சடாரென்று மிச்சத்தை முடித்தது. வலக்கை மறுபடி தடவப் போயிற்று. அவர் இவளுக்காகக் காத்திருந்த அதே காத்திருப்பு.

இரண்டு வரி முடிவதற்குள் வெயில் சன்னலை விட்டுப் போய்விட்டது. அதற்குக் கீழே, அவர் எழுத்து எதையும் பாராமல், மூன்றாவது வரி ஒன்று அடித்தாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம், சோறு போடுகிறோம். வா.

ஹேஜு பழப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயே! சூட்டுத் தரைல வெச்சிருக்கியேம்மா. பாதி அழுகிப்போச்சு."

"சரியா பாதியா?"

"பாதிக்கு மேலயே இருக்கும்."

இம்சுன் தலையசைத்துத் தாளை அச்செடுத்தாள்.

மறுநாள் காலை தபாலகத்தில் பசை தடவி உறையை ஒட்டினாள். மேசைப் பெண் முகவரியைப் பார்த்தாள். "பாட்டி, அனுப்புறவங்க பேர் எழுதலையே?"

இம்சுன் பேனாவை வாங்கினாள். பியோ யோங்தே என்று எழுதி, மை காயும்வரை இடக்கையால் உறையை அமுக்கிப் பிடித்திருந்துவிட்டு, நீட்டினாள்.