தோற்பதற்குத் தொண்ணூறாயிரம்

வெட்டப்போகிற ஆட்டுக்கு மாலை போடுவது ஊர் வழக்கம். கல்லூரி பாஸ்கட்பாலில் மாலையோடு தொண்ணூறாயிரம் டாலரும் கொடுப்பார்கள். ஆடு தன் செலவில் பஸ் பிடித்து வந்து சேரவேண்டும், அவ்வளவுதான்.

வெண்டல் ஹாஃப்ஸ்டாட் அப்படியொரு ஆட்டின் விளையாட்டு இயக்குநர். நெப்ராஸ்காவின் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் பிரேரி ஃபோர்க் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து எண்ணூறு மாணவர்கள், பதினான்கு அணிகள். அந்தப் பதினான்கில் ஒன்றுகூடத் தன் காலுறைக்குத் தானே சம்பாதித்ததில்லை. ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும் வெண்டல் தன் பாஸ்கட்பால் பையன்களை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவார். பெரியவர்களுக்குச் சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் சுலபமான ஒரு வெற்றி தேவை. சின்னவர்களுக்குக் காசோலை தேவை. போன வருடம் கார்விங்டன் பல்கலைக்கழகத்திடம் நாற்பத்தொரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றார்கள். அந்தத் தோல்வியில்தான் நீச்சல் குளத்துக்குக் குளோரின் வாங்கினார்கள், பஸ்ஸுக்குக் கியர்பெட்டி மாற்றினார்கள்.

தோல்வி பிடித்துப்போய், கார்விங்டன் இந்த முறை மூன்று வருட ஒப்பந்தம் பேசியிருந்தது. கார்விங்டனின் உதவி இயக்குநர் சாண்ட்லர் வாஸ் அதைக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். "மேட்ச் முடிஞ்சதும் கையெழுத்து, சும்மா ஒரு சம்பிரதாயம்" என்று சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் திங்கட்கிழமை பிரேரி ஃபோர்க் அறங்காவலர் குழுவின் மேஜைக்குப் போனால் நீச்சல் அணி பிழைக்கும். போகாவிட்டால் குளத்தை வற்றவைத்து, அதில் பழைய மேஜை நாற்காலிகளைப் போட்டுவைப்பதாக முடிவாகியிருந்தது. நீச்சல் அணியில் இருபத்தாறு பேர்.

சனிக்கிழமை காலை, பஸ் கிளம்பும்போதே நீச்சல் கோச் ரூத்தன் போனில் கூப்பிட்டாள்.

"வெண்டல், பசங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"ரொம்ப நல்லா இல்லையே?"

"ரெண்டு பேருக்கு ஜலதோஷம்."

"கடவுள் இருக்கார்," என்றாள் ரூத்தன். "நல்லபடியா தோத்துட்டு வாங்க. நாங்க எல்லாம் டிவி முன்னாடிதான் இருப்போம்."

கார்விங்டன் அரங்கில் பதினாலாயிரம் இருக்கைகள். பிரேரி ஃபோர்க் ஊரையே அள்ளிவந்து உட்காரவைத்தாலும் பாதி காலியாக இருக்கும். வெண்டல் பயிற்சியாளர் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அது உதவிக் கோச்சின் நாற்காலி. உதவிக் கோச்சைச் சிக்கனம் கருதி இரண்டு வருடம் முன்பே நீக்கியாகிவிட்டது. அதிலிருந்து பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, ஆட்டத்தை நிறுத்திவைக்கும் டைம் அவுட் எத்தனை மிச்சம் என்று அட்டையில் குறிப்பது எல்லாம் வெண்டல்தான்.

முதல் பத்து நிமிடம் எல்லாம் முறைப்படி நடந்தது. பிரேரி ஃபோர்க் பதினொரு பாயிண்ட் பின்தங்கியது. எதிர்வரிசையிலிருந்து வாஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெண்டலும் காட்டினார்.

அப்புறம் டெஸ்மண்ட் பிக்கெட் என்ற பதினோராம் எண் பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது. எந்தப் பெரிய கல்லூரியும் 'குள்ளன்' என்று திரும்பிப் பார்க்காததால் பிரேரி ஃபோர்க்குக்கு வந்து சேர்ந்தவன் அவன். இன்றைக்கு எங்கிருந்து எறிந்தாலும் பந்து கூடைக்குள் விழுந்தது. ஒருமுறை தும்மிக்கொண்டே எறிந்தான், அதுவும் விழுந்தது.

"யோவ் வெண்டல்!" கோச் டுவேன் ப்ராக்மேயர் அவர் தொடையில் ஓங்கி அறைந்தார். "பாத்தியா அவனை?"

"பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றார் வெண்டல், இழவு வீட்டில் பதில் சொல்கிறவர் குரலில். "பையன் களைச்சுட்டான் போல. கொஞ்சம் உக்கார வையேன்."

"இப்பவா? உனக்குப் பைத்தியமா?"

"ஜலதோஷம் இருக்குப்பா அவனுக்கு."

"எல்லாருக்கும் வரட்டும் அந்த ஜலதோஷம்!"

இரண்டாம் பாதியில் அரங்கம் மெல்ல அமைதியாயிற்று. வாஸின் கட்டைவிரல் எப்போதோ கீழே இறங்கிவிட்டது. வெண்டல் உள்ளுக்குள் எதிரணிக்காக வேண்டிக்கொண்டார். ஆனால் தன் பையன் எறியும்போதெல்லாம் அவருடைய பிருஷ்டம் அவரைக் கேட்காமலே நாற்காலியிலிருந்து எழுந்தது. எழுந்ததை அழுத்தி உட்காரவைப்பதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

ஏழு நொடி மிச்சம். பிரேரி ஃபோர்க் எழுபத்தொன்று, கார்விங்டன் எழுபது. பந்து டெஸ்மண்டிடம் இருந்தது. இரண்டு நெட்டைப் பையன்கள் அவனை மூலையில் மடக்கிக் கோட்டோடு ஒட்டவைத்துவிட்டார்கள். மூச்சுவிட இடமில்லை. அவன் கோச்சைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்டான்: டைம் அவுட் எடுக்கட்டுமா?

கோச் வெண்டலிடம் திரும்பினார். "மிச்சம் இருக்கா? சீக்கிரம் சொல்லுய்யா!"

அட்டையில் நான்கு கட்டங்கள். நான்கிலும் வெண்டலே போட்ட பெருக்கல் குறி. ஒன்றும் மிச்சமில்லை. இல்லாத டைம் அவுட்டைக் கேட்டால் அது குற்றம். எதிரணிக்கு இரண்டு இலவச எறி, பந்தும் அவர்களுக்கே. 'இருக்கு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். தோற்றுவிடலாம். அதுவும் கௌரவமாக, ஒரே ஒரு பாயிண்டில். யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கிழவனுக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று பஸ்ஸில் நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தூங்கிப்போவார்கள். இருபத்தாறு பேர் திங்கட்கிழமையும் நீந்துவார்கள்.

வெண்டல் வாயைத் திறந்தார்.

"இல்ல! ஒண்ணும் இல்ல! கேட்டுத் தொலைக்காதடா!"

அரங்கம் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் யாருடையது என்று அவரே ஒருகணம் திரும்பிப் பார்த்தார். டெஸ்மண்ட் பந்தை இரண்டு கையாலும் கூரையை நோக்கி வீசினான். அது மேலே போய், யோசித்து, மறுகோடியில் வந்து விழுவதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த மூன்று நொடி வெண்டல் உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக இருந்தார். டுவேனைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். நான்காவது நொடியில் நீச்சல் குளம் ஞாபகத்துக்கு வந்தது.

வாஸ் உடைமாற்றும் அறைக்கு வெளியே, நடைவழியில் நின்றிருந்தார்.

"மன்னிச்சிருங்க," என்றார் வெண்டல்.

"எங்க டைரக்டர் மாடியில, தலையில ஐஸ்கட்டி வச்சுட்டு உக்காந்திருக்கார். பெரிய நன்கொடைக்காரர் ஒருத்தர் பாதியிலயே எழுந்து போயிட்டார். இதுக்கா காசு குடுத்துக் கூப்பிட்டோம்?"

"இல்லீங்க."

"போன வருஷம் எவ்ளோ அழகா தோத்தீங்க!"

"அப்ப பசங்களுக்கு அனுபவம் பத்தல சார்."

"இன்னைக்கு உள்ள காசு வந்துரும். ஆனா இது..." வாஸ் கோட்டுப் பையைத் தட்டினார். "இது இனிமே நடக்காது."

"விலையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார். அறுபது?"

"ஜெயிக்கிற டீமை சும்மா அனுப்பினாலும் எவனும் வாசல்ல சேர்க்கமாட்டான் வெண்டல்."

வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். நடைவழியின் கடைசியில் டெஸ்மண்ட் நின்றிருந்தான். கார்விங்டனின் உதவிக் கோச் ஒருவர் அவன் தோளில் கைபோட்டு, சொந்தத் தாய்மாமனைப்போலச் சிரித்து, எதையோ அவன் போனில் பதிந்துகொண்டிருந்தார்.

வாஸும் அதைப் பார்த்தார்.

"அங்க என்ன பேசிக்கிறாங்க?" என்றார் வெண்டல்.

"பேசிக்கலை. அடுத்த காலேஜ் பையன்கிட்ட பேசக்கூடாதுன்னு விதி இருக்கு."

"சரி. பேசாம என்ன பண்ணிக்கிறாங்க?"

 "பையன் இன்னைக்கு எத்தனை பாயிண்ட்?" என்றார் வாஸ்.

"முப்பத்தி நாலு."

"மொத்தம் எழுபத்தொண்ணுல."

"ஆமா. அவன் இல்லேன்னா முப்பத்தேழு."

"அடுத்த வருஷம் அவன் எங்க இருப்பான்?"

"உங்காளுங்க பேசாம இருக்கிற வேகத்தைப் பாத்தா, இங்கதான்."

வாஸ் மோவாயைத் தடவினார். "உங்க கோச்?"

"சாயங்காலத்துக்குள்ள அவருக்கு நாலு போன் வரும். மூணு இடத்துல இப்ப வாங்குறதைவிட ரெண்டு மடங்கு சம்பளம் சொல்லுவாங்க. நான் ஒரு கேக் வெட்டி வழியனுப்புவேன்."

"அப்போ அடுத்த வருஷம் உங்க டீம்..."

வெண்டல் தூரத்தில் நின்ற பையனை இன்னொருமுறை பார்த்தார். சம்மர் முழுக்க ஆளில்லாத ஜிம்மில் அவன் தனியாக எறிந்து பழகும்போது, அவர்தான் பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறார்.  பிறகு வாஸ் பக்கம் திரும்பினார்.

"கேவலமா இருக்கும் சார். நாப்பது பாயிண்ட்டுக்குக் குறையாது. வேணும்னா எழுதியே தரேன்."

"ஐயையோ, எழுதிக்கிழுதித் தராதீங்க, கோர்ட்ல கேஸ் ஆயிரும்," என்றபடி வாஸ் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். சுவரில் இருந்த தீயணைப்புப் பெட்டியின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். வெண்டலும் போட்டார். கைகுலுக்கிக்கொண்டார்கள். இதற்குள் டெஸ்மண்ட் சிரித்த முகத்தோடு அவர்களைக் கடந்துபோனான். இரண்டு பேரும் அவனுக்காக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பஸ்ஸில் பையன்கள் காத்திருந்தார்கள். பெரிய ஆட்டத்தில் ஜெயித்த அன்று கோச் தலையில் ஒரு டிரம் ஐஸ் தண்ணீரைக் கவிழ்ப்பது வழக்கம். பிரேரி ஃபோர்க்கில் அதற்கு வாய்ப்பு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. டுவேனை ஏற்கெனவே நனைத்து முடித்திருந்தார்கள். வெண்டல் படியில் கால் வைத்ததும் இரண்டாவது டிரம் கவிழ்ந்தது.

கண், காது, சட்டை எல்லாம் ஒழுகியது. ஐஸ்கட்டி ஒன்று முதுகுவழியே இறங்கி இடுப்பில் போய் நின்றது. ஆனால் வலது கையை மட்டும் அவர் பஸ் கூரையைத் தொடும்படி உயரத் தூக்கியிருந்தார். அதில் ஒரு சொட்டு ஈரம் படாத காகிதம்.

"வெண்டல் வெறி பிடிச்சு ஆடுறார்டா!" என்று கத்தினான் டெஸ்மண்ட். பஸ்ஸே அவர் பெயரைச் சொல்லித் தட்ட ஆரம்பித்தது. கையை இறக்கினால் காகிதம் நனைந்துவிடும். ஆகவே அவர் அப்படியே நின்றார், அவர்கள் தட்டி ஓயும்வரை.