களைப்பு வராத வீடு

இடது முழங்காலில் இருப்பது அப்பாவுடையது, கழுத்தில் இருப்பது அம்மாவுடையது, உள்ளங்கை இரண்டும் தம்பியுடையது, என்னுடையதும் இதற்குள் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தபடியே அவள் பல் துலக்கினாள். அந்த வீட்டில் மற்ற யாருக்கும் களைப்பு தங்குவதில்லை. அவள் தோளில் ஒரு நிமிடம் கை வைத்தால் போதும், அது அவளுக்குள் இறங்கிவிடும். அவளுடைய ஒன்பதாவது வயதில், லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா வேலை முடிந்து வந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றியபோது அது தொடங்கியது. கழற்றிய செருப்பை உடனே மாட்டிக்கொண்டு அவர் வேலைக்கே திரும்பிப் போனார். அவள் வாசலிலேயே தூங்கிப்போனாள். தெருவில் ஒரு வாரம் அதைப் பேசினார்கள். பிறகு தண்ணீர்க் குழாய் உடைந்தது, பேச்சு அதன் பக்கம் போய்விட்டது.

அடுத்த முப்பத்திரண்டு வருடங்களில் அந்தக் குடும்பம் நிறையச் செய்தது. ஓய்வு பெற்ற அப்பா, மாடியே இல்லாத வீட்டுக்குள் லிஃப்ட் கட்டினார். அவரோடு பேச்சை நிறுத்திப் பதினோரு வருடமாகிவிட்ட அம்மா, மிச்சமான நேரத்தில் நாளுக்கு நாற்பது புகார்க் கடிதம் எழுதினாள். எதிர்வீட்டு ஜன்னலின் நிறத்தைப் பற்றி மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கும். தம்பி உலக சாதனைக்காகக் கை தட்டிப் பழகினான். சாப்பிடும்போது இடது கையால் தொடையில் தட்டுவான்.

“மேல ஒண்ணுமே இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் எதுக்குன்னு உங்கப்பாவைக் கேளு,” என்பாள் அம்மா, அவர் எதிரிலேயே.

“மொதல்ல மேல போவோம், என்ன இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு.”

கேட்க வேண்டியவளும் சொல்ல வேண்டியவளும் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையிலும் அப்படித்தான். வாடிக்கையாளர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள் அவள் நின்றபடியே தூங்கிவிடுவாள். அவர்களே தங்களுக்குத் தோன்றிய எண்ணைச் சீட்டில் எழுதிக்கொள்வார்கள். போன மாதம் நான்கு நாள் அவளை எழுப்பவே முடியவில்லை. டாக்டர், வயது நாற்பத்தொன்று, இதயத்துக்கு எண்பது என்று எழுதினார். இன்னொரு பெரிய சுமை இறங்கினால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று வாயாலும் சொன்னார்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் விழுந்த இடத்தில் தலையணை வைப்பார்கள், மின்விசிறியைத் திருப்பிவிடுவார்கள். அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் தொடுவது அந்த ஒரு நிமிடம்தான். அதற்காகத்தான் தான் இத்தனை வருடம் தோளைக் காட்டிக்கொண்டு நின்றது என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

சாதனைக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் பிற்பகல் தம்பி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, மூணே நாள். நீ சும்மா படுத்துக்க. கை தட்டப் போறது நான்தானே?”

“டாக்டர் என்ன சொன்னார்னு கேட்டல்ல?”

“அந்தாளு பேச்சை விடு,” என்றாள் அம்மா. “அவர் மேல நாலு புகார் போட்டிருக்கேன்.”

“சின்னவன் ஆசைப்படறான். இந்த ஒரு தடவை வாங்கிக்கம்மா,” என்றார் அப்பா.

“உங்கப்பா சொல்றது சரிதான்னு அவர்கிட்ட சொல்லு.”

பதினோரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. அதை உடைக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

தம்பியின் கை நீண்டது. தோளுக்கு வருமுன் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். காய்ப்பேறி, சூடாக இருந்தது.

“இல்லடா. இனிமே நான் வாங்கிக்க மாட்டேன்,” என்றாள். கையை மட்டும் விடவில்லை.