பட்டியலில் வந்த பெயர்

நிதா குன்னூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அன்று பதினோரு மணிக்குப் பொன்ராஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தவரைக் காட்டெருமை முட்டித் தள்ளியிருந்தது. பெரிய காயம் எதுவும் வெளியே தெரியவில்லை. ஆனால் ஆளுக்கு நினைவில்லை.

"தலைக்குள்ள ரத்தக்கசிவு இருந்தா உடனே கோயமுத்தூர் அனுப்பணும். சீக்கிரம்மா," என்றார் டாக்டர் ஜெஃப்ரி.

மெஷினை இயக்கியதும் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. படங்களைச் சேமிக்கிற கம்ப்யூட்டரில் இடமில்லை.

சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கோவையிலிருந்து கவனித்துக்கொள்ளும் வசந்த்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆன படமெல்லாம் வேற டிஸ்க்ல ஏத்தியாச்சுங்க. இங்கிருந்து அழிச்சிரலாம். ஆயிரக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணா முடியாது. கமாண்ட் அடிக்கிற கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து நான் சொல்றதை அடிங்க."

அவன் எழுத்து எழுத்தாகச் சொன்னான். 'டெலீட்' என்ற கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, என்டரைத் தட்டாமல் நின்றாள்.

"அழிச்சா திரும்ப எடுக்க முடியுங்களா?"

"முடியாதுங்க. இதுல குப்பைத்தொட்டியெல்லாம் கிடையாது."

"அப்ப எதெது போகும்னு முதல்ல பார்க்கணும்."

"அவசரம்னீங்க... சரி, டெலீட்டை எடுத்துட்டு அங்க பிரின்ட்னு போடுங்க. ஸ்கிரீன்ல பட்டியல் மட்டும் வரும்."

பெயர்கள் மளமளவென்று ஓடின. வெளியே பொன்ராஜின் மனைவி வனிதா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பட்டியல் நின்றபோது கடைசி வரிகளில் சாந்தாமணி என்று இருந்தது. காலை எட்டு மணிக்கு நிதா எடுத்த ஸ்கேன் அது. ரிப்போர்ட் கூட இன்னும் எழுதவில்லை.

"சார், இன்னைக்கு எடுத்ததும் வருதுங்க!"

"காலைல கரண்ட் போச்சுங்களா?"

"ஆமாங்க."

"கம்ப்யூட்டர் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். அப்புறம் தானா சரியாயிருச்சு. நடுவுல எடுத்ததெல்லாம் பழசுன்னு பதிவாயிருக்குதுங்க. டெலீட் போட்டுத் தட்டிராதீங்க!"

ஜெஃப்ரி உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னும் என்ன?"

"ரெண்டே நிமிஷம், டாக்டர்."

அன்று காலை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள் இரண்டே பேர். இருவரின் படங்களையும் வேறொரு இடத்துக்கு நகர்த்தினாள். மறுபடி பட்டியல் எடுத்தாள். அந்த இரண்டு பெயரையும் தேடினாள், இல்லை. பிரின்டை டெலீட்டாக மாற்றி என்டரைத் தட்டினாள்.

திரை ஒன்றுமே சொல்லவில்லை. கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது. கடைசியில் பாதி இடம் காலியென்று காட்டியது.

பொன்ராஜின் படத்தில் மண்டையோட்டின் இடது ஓரமாக வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது, ரத்தக்கசிவு. ஜெஃப்ரி பார்த்த கையோடு ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

கோயமுத்தூரில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வனிதா போனில் சொன்னாள். பேச்சு வந்துவிட்டதாம். வலது கைதான் இன்னும் சரியாக மடங்கவில்லையாம்.