ஹேங்கர் தராசுல ரெண்டு ஜரிகை ரீல்

1

ஒண்ணை மொதல்லயே ஒத்துக்கிறேன். இந்தக் கதையில வர்ற தராசு என்னோட ஐடியா. துணி மாட்டுற பிளாஸ்டிக் ஹேங்கர், ரெண்டு முனையிலயும் நூல் கட்டி ரெண்டு டீ கப், ஜன்னல் கம்பியில மாட்டிட்டா தராசு ரெடி. போன்ல வீடியோ பாத்தேன், என் ஃப்ரெண்டு எஸ்தருக்கு அனுப்பிட்டேன். "சூப்பர்பா, நாளைக்கே செய்றேன்"னு ரிப்ளை போட்டா. நான் அனுப்பாம இருந்திருந்தா எழுத ஒண்ணும் இருந்திருக்காது. நிம்மதியா தூங்கிக்கினு இருந்திருப்பேன்.

(எஸ்தர்னு பேரு மாத்திட்டேன். தெரு பேரு எழுத மாட்டேன். சின்ன காஞ்சிபுரம், அவ்ளோதான். அதுவே ஜாஸ்தியோன்னு பயமா இருக்குது.)

2

கதைய ஆரம்பிக்க மொத ட்ரை: "மாலை ஆறு மணி. தறிச் சத்தம் ஓய்ந்து, கோயில் மணி..."

வேணாம். தறிச் சத்தம் ஆறு மணிக்கு எங்க ஓயுது?

ரெண்டாவது: "எஸ்தருக்கு பயம்னா என்னன்னே..."

பொய். அவ பயப்படுறவதான்.

மூணாவது, இதுவே இருக்கட்டும். எஸ்தருக்கு இருபத்திமூணு வயசு. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சுட்டு, சாயங்காலத்துல அஞ்சாறு வயசுப் பசங்க பதினோரு பேருக்கு கணக்கு சொல்லித் தர்றா. இடம், திருஞானசம்பந்தம் வீட்டு முன் ஹால். அந்தத் தெருவுல பாதி தறிக்கு அவருதான் மொதலாளி. பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் குடுப்பாரு, நெய்றவங்க அவங்கவங்க வீட்ல நெய்ஞ்சு பொடவையா திருப்பிக் குடுக்கணும். ஹாலுக்கு வாடகை வாங்குறதில்ல. "பசங்க படிக்கட்டும்மா"ன்னுட்டாரு. எஸ்தரோட தாத்தாவ அந்த வாசப்படி ஏற வுட்டதில்ல. எஸ்தருக்கு ஃபேன் போட்டு வுடறாரு.

(இந்த லைனை ரெண்டு தடவ அழிச்சு திரும்ப அடிச்சேன். அவ ஏன் அவ்ளோ பயந்தான்னு உங்களுக்குப் புரியணும்ல.)

3

எஸ்தர் கிளாஸ் இப்டித்தான். தரையில புளியங்கொட்டை ஏழு, நெருக்கி ஒரு வரிசை. அதுக்குக் கீழ ஆறு, தள்ளித் தள்ளி.

"எது ஜாஸ்தி?"

எல்லாம் கீழ் வரிசையக் காட்டுச்சுங்க. அதுதான நீளமா இருக்குது.

"கண்ணால பாத்து சொல்லக் கூடாது. ஜோடி போட்டு சொல்லு."

மொதல்ல ஜோடி போட்டது சிம்ரன். மொதலாளி சம்பந்தத்துக்கு நெய்ற தினகரனோட பொண்ணு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு நகத்திக்கினே வந்தா. கடைசியில மேல ஒரு கொட்டை தனியா நின்னுச்சு.

"இதுக்கு ஜோடி இல்ல மிஸ். மேலதான் ஜாஸ்தி."

ஹேங்கர் வந்ததும் சிம்ரனைப் புடிக்க முடியல. சாக்பீஸ், ரப்பர், செருப்பு, எல்லாத்தையும் கப்புல போட்டுப் பாத்தா.

"மிஸ், என் தலை சிம்ரன் தலைய விட கனம்"னான் விக்னேஷ்.

"உள்ள ஒண்ணுமில்ல, எப்டிடா கனம் வரும்?"ன்னா சிம்ரன்.

எஸ்தர் சிரிச்சுட்டு ஹோம்வர்க் குடுத்தா: வீட்லேர்ந்து ரெண்டு பொருள் எடுத்துக்கினு வரணும். பாக்க ஒரே மாதிரி இருக்கணும். எது கனம்னு தராசுல வெச்சுப் பாப்போம்.*

* இதுவும் என் ஐடியா. அனுப்புன வாய்ஸ் நோட் இன்னும் என் போன்ல இருக்குது. டெலீட் பண்ண கை வரல.

4

மறுநாள் விக்னேஷ் ரெண்டு உருளைக்கெழங்கு கொண்டாந்தான். சிம்ரன் பையிலேர்ந்து எடுத்தது ரெண்டு ஜரிகை ரீல். ஒரே சைஸு, ஒரே மினுமினுப்பு. எஸ்தர் "வேணாம்மா"ங்கறதுக்குள்ள கப்புல போட்டுட்டா.

ஒரு கப்பு சர்ருன்னு கீழ போச்சு. இன்னொண்ணு மேல நின்னு ஆடுச்சு.

எஸ்தர் உள் ரூம் பக்கம் திரும்பிப் பாத்தா. அசல் ஜரிகையில வெள்ளி இருக்குது, கனமா இருக்கும். டூப்ளிகேட்டு லேசு. இது அந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரியும். சம்பந்தம் தறியில அசலைத் தவிர வேற ஜரிகை ஏறக் கூடாதுங்கறதும் தெரியும்.

"எங்கேர்ந்துமா எடுத்த?"

"தறிக்குக் கீழ டப்பாவுல. கனமா இருக்கறது மேலயே இருந்துச்சு. லேசா இருக்கறது அடியில, துணி சுத்தி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ரெண்டையும் ஒண்ணா வெக்காதம்பாரு. அதான் மிஸ், இங்க வெச்சுப் பாக்கலாம்னு."

இங்கதான் நான் நாலு நாள் மாட்டிக்கினேன். தினகரன் அசலை எடுத்துட்டு டூப்ளிகேட்டைப் போட்டு நெய்றான்னு ஒரு பக்கம் அடிச்சேன். ஹோம்வர்க்குன்னதும் மூஞ்செல்லாம் சிரிப்பா வீட்டுக்கு ஓடுன சிம்ரன் ஞாபகம் வந்துச்சு. அழிச்சுட்டேன். சரி, மொதலாளியே டூப்ளிகேட்டக் குடுத்து அசல்னு விக்கிறாரு, தினகரன் சாட்சிக்கு ஒண்ணை ஒளிச்சு வெச்சிருக்காருன்னு அடிச்சேன். அதையும் அழிச்சுட்டேன். எஸ்தருக்கு எது நெசம்னு தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு, தப்பு யாரு மேல இருந்தாலும் தறி போகப்போறது தினகரனுக்குத்தான்.

5

உள் ரூம்ல சம்பந்தம் பேப்பர் மடிக்கிற சத்தம். அப்புறம் நாற்காலி நகர்ற சத்தம்.

"என்னம்மா, இன்னிக்கு தராசுல என்ன?"

"ஒண்ணுமில்லங்கய்யா, உருளைக்கெழங்கு..."

"ஜரிகை, மொதலாளி தாத்தா"ன்னு விக்னேஷ் கத்தினான்.

ரீலை எடுத்து ஒளிக்கலாம். பதினோரு ஜோடி கண்ணு பாத்துக்கினு இருக்குது. ஹேங்கரைத் தட்டி வுடலாம். ஏன் வுட்டீங்கன்னு கேக்குங்க. செருப்பு சத்தம் கிட்ட வந்துச்சு. எஸ்தர் மேல நின்ன கப்புக்குள்ள பின்பக்கமா ஒரு விரலை வெச்சு அழுத்தினா. கப்பு எறங்குச்சு. ஹேங்கர் நேரா நின்னுச்சு.

"பாருங்க பசங்களா. ரெண்டும் சமம்."

சிம்ரன் கிட்ட வந்து மெதுவா சொன்னா. "மிஸ், உங்க விரலு உள்ள இருக்குது."

"சமம்மா."

"வெச்சுப் பாத்துதான சொல்லணும்னீங்க?"

சம்பந்தம் வந்து நின்னாரு. நாப்பது வருஷமா ஜரிகைய உள்ளங்கையில வெச்சே எடை சொல்றவரு. ரீலைத் தொடல. குனிஞ்சு, நல்லா சிரிச்ச மூஞ்சியா, சிம்ரன்கிட்ட கேட்டாரு.

"நீ சொல்லும்மா. எது கனம்?"

6

எஸ்தர் போன்ல சொன்னது இது வரைக்கும்தான். அப்புறம் என்னாச்சுன்னு கேட்டேன். "நீ எழுதுறவன்தான, நீயே வெச்சுக்கோ"ன்னு கட் பண்ணிட்டா.

முடிவு ஒண்ணு: சிம்ரன் "சமம் தாத்தா"ங்கறா. அவரு தலையத் தட்டிக் குடுத்துட்டு போயிடறாரு. தினகரன் தறி தப்பிச்சுது. அந்தப் பொண்ணு இனிமே...

முடிவு ரெண்டு: சிம்ரன் கனமான கப்பைத் தொட்டுக் காட்டுறா. மறுநாள் தினகரன் வீட்டு வாசல்ல...

முடிவு மூணு: எஸ்தர் விரலை எடுத்துட்டு, "ஐயா, இதுக்கு பதில் நீங்கதான்..."

மூணையும் முடிக்க முடியல. ஏன்னா ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு. கேள்வி கேட்டதும் சிம்ரன் ஹேங்கரைப் பாக்கல. இத்தன நாளா எது கேட்டாலும் கப்பைத்தான் பாப்பா. இப்ப எஸ்தர் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்கிறா.

நான் டைப் பண்றதை இங்க நிறுத்திக்கிறேன். விரலை எடுக்கணுமா, அப்டியே வெக்கணுமா, நீங்க சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கபா. எவ்ளோ நேரம்தான் அழுத்திக்கினு நிப்பா? கப்பு ஆட ஆரம்பிச்சிடுச்சு.