வாசலுக்கு நேரே புகைபோக்கி

துபாயில் ஜெபல் அலியைத் தாண்டி, மணலுக்கு நடுவில் ஓர் இங்கிலாந்துப் பண்ணை வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முந்நூறு வருஷத்துப் பழைய வீடு ஒன்றின் நகல். அரபி முதலாளி அங்கே படித்த காலத்தில் அப்படியொரு வீட்டில் தங்கினாராம், மறக்க முடியவில்லையாம். அவருடைய ஞாபகத்துக்குச் செங்கல் அடுக்குகிற வேலை அருப்புக்கோட்டைக் கொத்தனார் மாயாண்டிக்கு வந்து சேர்ந்தது.

பழைய செங்கல்லே கண்டெய்னரில் வந்திருந்தது. ஒரு கல் நீளவாக்கில், அடுத்த கல் குறுக்கே. சிமெண்ட் கூடாது, சுண்ணாம்புதான். வீட்டின் நட்டநடுவே ஆள் படுக்கிற அகலத்துக்குப் புகைபோக்கி, அதன் இரு பக்கமும் கணப்பு. இந்த வெயிலில் யார் குளிர்காயப் போகிறார்களோ! மாயாண்டி அதையெல்லாம் கேட்கவில்லை. பதினொரு மாதமாக அவன் எதையுமே கேட்பதில்லை.

மனைவி உமாராணி டெங்குவில் போனபோது, விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் அவன் கைக்கு வந்திருக்கவில்லை. சுடுகாடுவரை போனில் பார்த்தான். மறுநாள் டூட்டிக்குப் போனான். அன்றிலிருந்து பசியும் இல்லை, வலியும் இல்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாள் நகர்ந்தது. அடுத்த வாரம் முதல் வருஷத் திதி. லீவ் கிடைத்து, செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. கொழுந்தியாள் வீட்டில் இருக்கும் பதினொரு வயது மகள் சந்தியாவைப் பார்க்கலாம்.

சனிக்கிழமை இன்ஜினியர் கௌரிசங்கர் சைட்டுக்கு வந்தார். முகப்புச் சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா மாயாண்டி, வாசல் எங்க போச்சு?"

"டிராயிங்ல தப்பா இருந்துச்சு சார். தெறந்தா நேரா புகைபோக்கிச் செவரு முட்டுது. எவனாச்சும் அப்பிடி வாசக்கால் வைப்பானா? அதான் நாலடி அங்கிட்டு நகத்தி வச்சேன். இப்பப் பின்வாசல் வரைக்கும் நேராத் தெரியும்."

கௌரிசங்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். திட்டுகிற மனுஷர் இல்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்து காட்டினார்.

"அந்த வீடே அப்படித்தான்பா. உள்ள நுழைஞ்சா சின்ன இடம், எதிர்ல செங்கல். வலப்பக்கம் சமையக்கட்டு, இடப்பக்கம் கூடம். குளிர்காத்து நேரா உள்ள போகாது. வாசல்ல நிக்கிறவனுக்கு, உள்ள யார் இருக்காங்க, யார் இல்லேன்னும் தெரியாது."

மாயாண்டி அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊரில் அவனே கட்டிய வீட்டில் கதவைத் திறந்தால் கொல்லைவரை தெரியும். இப்போது முதலில் தெரிவது மாலை போட்ட படம். கொழுந்தியாள் போட்டோ அனுப்பியிருந்தாள்.

"வியாழக்கிழமை முதலாளி வர்றாரு. அதுக்குள்ள இடிச்சுக் கட்டியாகணும்" என்றார் கௌரிசங்கர். "நீ கவலப்படாதே, உன்கூடக் கட்டுற மணிகண்டன் பாத்துப்பான். நீ கிளம்பு."

"இல்ல சார். என் தப்பு, நானே கட்டுறேன். லீவு வேணாம்."

என்ன பொறுப்பான ஆள் என்று கௌரிசங்கர் மெச்சிக்கொண்டே போனார். பொறுப்பாவது ஒன்றாவது! ஊரில் அந்த வீட்டுக் கதவைத் திறக்க அவனுக்குப் பயம். திறக்க வேண்டாம் என்று ஆனதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அதற்காக வெட்கப்படக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் கேம்ப் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளுக்குப் போன் போட்டான். அழுவாள், எப்படிச் சமாதானம் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தான்.

"அப்பாவால வர முடியலம்மா. ஒரு செவரு தப்பாப் போச்சு, இடிச்சுக் கட்டணும்."

"சரிப்பா."

"திதிக்கு..."

"எள்ளுத்தண்ணி மாமா விடுறாங்கப்பா. நீங்க வர மாட்டீங்கன்னு நான் சொல்லிட்டேன்."

"எப்பம்மா சொன்ன?"

"போன மாசமே."

"டிக்கெட் போட்டேன்னு அப்பா சொன்னேன்லம்மா?"

"ஆமாப்பா. அன்னைக்குத்தான் சொன்னேன். சாப்டீங்களா?"

குரலில் கோபமில்லை, அழுகையில்லை. பக்கத்து வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். மாயாண்டிக்கு நெஞ்சு வலித்தது. நிஜமாகவே வலித்தது.

பஸ் வந்து நின்றது. அவன் ஏறவில்லை. மண்ணில் கால் புதையப் புதைய ஆபீஸ் கேபினுக்கு ஓடினான். கௌரிசங்கர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"செவர மணிகண்டன்ட்டயே குடுத்துருங்க சார், நான் போறேன்" என்றான் மூச்சிரைக்க. "எம்புள்ள என்னய எதிர்பாக்கவே இல்ல சார்."